லேப்டாப் சூடு: எத்தனை டிகிரி வரை விடலாம், எப்போது திறந்து பார்க்க வேண்டும்

சித்திரை வெயில் ஏறியதும் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: “95 டிகிரி காட்டுதுண்ணே, எரிஞ்சு போயிடுமா?” எரியாது. பிராசசர் அவ்வளவு ஏமாளி இல்லை. எல்லையைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். ஆனால் அதே 95 டிகிரி ஒரு லேப்டாப்பில் வழக்கமான வேலைநிலையாகவும், இன்னொன்றில் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டதற்கான அடையாளமாகவும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அப்போது அறையில் எவ்வளவு சூடு, பிராசசர் எத்தனை வாட் இழுத்தது, வேகம் விழுந்ததா என்ற மூன்றும் கூடவே தெரிய வேண்டும். அதனால் முதலில் அளவு, பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

எந்தப் பாகம் எவ்வளவு தாங்கும்

ஒவ்வொரு பிராசசருக்கும் தயாரிப்பாளரே ஓர் உச்சவரம்பை அறிவித்திருப்பார். இன்டெல்லின் பெரும்பாலான லேப்டாப் சிப்களுக்கு அது 100 டிகிரி. கோர் அல்ட்ரா 7 155எச் போன்ற சிலவற்றுக்கு 110. ஏஎம்டியில் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்: ரைசன் 5600எச், 5800எச் 105 டிகிரி, 6800எச் 95 டிகிரி, 7840எச்எஸ் 100 டிகிரி. உங்கள் மாடலின் பெயரை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடினால், விவரப் பட்டியலில் இந்த எண் ஒரு வரியாக இருக்கும். நண்பரின் லேப்டாப்புக்குச் சொன்ன எல்லையை உங்களுடையதற்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். சும்மா திறந்து வைத்திருக்கும்போது 40 முதல் 55; பிரவுசர், யூடியூப், எக்செல் என்று ஓடும்போது 55 முதல் 75; வீடியோ எடிட்டிங், கேம், பெரிய கம்பைல் வேலைகளில் 80 முதல் 95. மெலிதான லேப்டாப்கள் இதன் மேல் விளிம்பில்தான் எப்போதும் நிற்கும். அவை அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஐ7 12700எச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை அளவு 45 வாட்தான், ஆனால் டர்போவில் (சிறிது நேரம் வேகத்தைக் கூட்டும் முறை) 115 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இரண்டு செ.மீ. தடிமன்கூட இல்லாத பெட்டிக்குள் 115 வாட் பாய்ந்தால் ஒரு நொடியில் 95ஐத் தொடுவதில் வியப்பில்லை. அப்படிக் கணநேரம் தொட்டுத் திரும்புவதை மறந்துவிடுங்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, வேகமும் சரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

என்விடியா கிராபிக்ஸ் சிப் லேப்டாப்களில் பெரும்பாலும் 87 டிகிரி அருகே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். கேமில் 70 முதல் 84 வரை சாதாரணம். ‘ஹாட்ஸ்பாட்’ (சிப்பின் மிகச் சூடான புள்ளி) என்று தனியாகக் காட்டும் எண் 10 முதல் 15 டிகிரி கூடுதலாகவே இருக்கும், அதைப் பார்த்து அலற வேண்டாம். எஸ்எஸ்டிக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் எல்லை 70 டிகிரி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு 60; அதையும் 50க்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

எல்லோரும் மறப்பது பேட்டரியை. சிலிக்கான் 95 டிகிரியைத் தாங்கும், லித்தியம் பேட்டரி தாங்காது. சார்ஜ் ஏறும்போது அது 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. பேட்டரி யுனிவர்சிட்டி தளம் வெளியிட்ட அட்டவணைப்படி, 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஓராண்டு கிடந்த பேட்டரியில் சுமார் 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு இருந்ததில் 85 சதவீதம். எப்போதும் சார்ஜரிலேயே நூறு சதவீதத்தில் நிற்கும் லேப்டாப்பின் பேட்டரி ஏன் இரண்டு கோடையில் உப்பிவிடுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அறையின் சூட்டைக் கழித்துப் பாருங்கள்

ஹீட் சிங்கும் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோக அமைப்பு) ஃபேனும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துகின்றன, அவ்வளவுதான். ஆகவே அறை எவ்வளவு சூடோ, அதற்கு மேல்தான் சிப்பின் கணக்கு தொடங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏசி அறையில் 25 டிகிரி. பிராசசர் தொடர்ந்து 45 வாட் இழுத்து 85 டிகிரியில் நிற்கிறது. வித்தியாசம் 60. அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 1.33 டிகிரி. அதே லேப்டாப்பை மாடி அறையில் 40 டிகிரியில் வைத்து அதே வேலையைக் கொடுத்தால் 40 கூட்டல் 60, நூறு டிகிரி. லேப்டாப்பில் எதுவும் கெடவில்லை, இடம்தான் மாறியது. இந்தச் சிப்பின் எல்லை 95 என்று வைத்தால், அதைத் தாண்டாமல் இருக்க அது 41 வாட்டுக்கு இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும், பெரிதாகத் தெரியாது.

இப்போது தூசியைச் சேர்ப்போம். காற்று வழி அடைத்து, வாட்டுக்கு 1.33 இருந்தது 1.8 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஏசி அறையில் இன்னும் 39 வாட் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 டிகிரி அறையில் 30 வாட்தான் ஓடும். அப்போதுதான் “திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு” என்று கடைக்கு வருவார்கள். தூசி மார்கழியிலேயே சேர்ந்திருக்கும். சித்திரை அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அளக்கும் முறை

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், பிராசசருடையதைக் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, திறக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பத்திகள் வரும்: இப்போதைய அளவு, குறைந்தது, அதிகம், சராசரி. நூறு வரிகள் இருந்தாலும் உங்களுக்கு வேண்டியவை ஐந்துதான்: சிபியூ (பிராசசர்) பேக்கேஜ் வெப்பநிலை, சிபியூ பேக்கேஜ் பவர் (எத்தனை வாட்), கோர்களின் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) கிளாக் எனப்படும் வேகம், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைக்கப்படுகிறதா) ஆம்/இல்லை, ஃபேன் வேகம். கடைசியது சில மாடல்களில் தெரியாது. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு போதும்.

சோதனை இப்படி:

1. லேப்டாப்பை மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகி, எல்லா மென்பொருளையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அறையின் சூட்டையும் சிபியூ சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்க் கடிகாரத்தோடு வரும் மலிவு வெப்பமானிகூடப் போதும்.

2. எச்டபிள்யூஇன்ஃபோவின் கீழே உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்தி எண்களை அழியுங்கள். பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23ஐ ஓட விடுங்கள். அதன் இயல்பான சோதனையே பத்து நிமிடம் நடக்கும்.

3. முதல் பத்து நொடி, மூன்றாம் நிமிடம், பத்தாம் நிமிடம் ஆகிய மூன்று இடங்களில் சூடு, வாட், கிளாக் மூன்றையும் எழுதுங்கள்.

4. சோதனை முடிந்ததும் சூடு எத்தனை நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நோயைச் சொல்வதே பெரும்பாலும் இந்த இறக்கம்தான்.

எண்கள் சொல்லும் கதை

சோதனை தொடங்கிய இரண்டு மூன்று நொடியில் 95க்கு மேல் பாய்கிறது. வாட் சட்டென்று சரிகிறது. நிறுத்திய ஒரு நொடியில் 60க்கு விழுகிறது. வெளியே வரும் காற்றோ வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சூடு சிப்பிலேயே தேங்கி ஹீட் சிங்குக்குப் போகவில்லை என்று பொருள். தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசும் பசை) காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட் சிங்க் ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை.

மெல்ல மெல்ல ஐந்து பத்து நிமிடத்தில் ஏறுகிறது, இறங்கவும் நேரம் எடுக்கிறது, விசைப்பலகையின் மேல்பகுதி தொட முடியாமல் சுடுகிறது என்றால் பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. சூடு உலோகத்துக்கு வந்துவிட்டது, வெளியேற வழியில்லை. தூசி, நின்றுபோன ஃபேன், அடைபட்ட அடிப்பக்கம் ஆகியவற்றில் ஒன்று.

ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் தொடர்ந்து நின்றால் பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. ஐந்தாறு டிகிரி வித்தியாசம் எல்லா லேப்டாப்பிலும் உண்டு.

ஒன்றுமே செய்யாதபோது 70 டிகிரி இருந்து, சிபியூ பயன்பாடு 20, 30 சதவீதம் காட்டினால் அது மென்பொருள் வேலை. திறந்து துடைத்துப் பயனில்லை.

ஏமாற்றும் வகை ஒன்று உண்டு: சூடு 55 டிகிரிதான், ஆனால் கிளாக் 400, 800 மெகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நகராது. மவுஸ் நகர்வதே இழுவையாக இருக்கும். இதைச் ‘சூடு’ என்று நினைத்துப் பேஸ்ட் மாற்றிக் காசைத் தொலைத்தவர்கள் நிறைய. பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம். வேறு சார்ஜர், வாட் குறைந்த சார்ஜர், அல்லது பின்னின் நடு ஊசி வளைந்த சார்ஜர் போட்டால் லேப்டாப் அதை அடையாளம் காணாமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் விடை கிடைத்துவிட்டது.

திறக்காமலே செய்யக்கூடியவை

மெத்தை, தலையணை, மடி – மூன்றும் அடிப்பக்கத் துளைகளை அடைக்கும். மடியில் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதக்கணக்கில் தொடையின் ஒரே இடத்தில் சூடு பட்டால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். தோல் மருத்துவ இதழ்களில் லேப்டாப்பால் வந்த இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன.

பின்புறக் கால்கள் இரண்டின் கீழும் தண்ணீர் பாட்டில் மூடியை ஒன்றொன்று வையுங்கள். ஒன்றரை செ.மீ. இடைவெளி கிடைக்கும். அடியிலிருந்து காற்று இழுக்கும் லேப்டாப்களில் இதுவே ஐந்து டிகிரி வரை குறைக்கும், செலவு பூஜ்யம். கூலிங் பேடு வாங்குவதற்கு முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஃபேனுக்கு நேராகத் துளைகள் இருந்தால்தான் பேடு உதவும். மூடிய அடித்தட்டு என்றால் அது மேசையை மட்டும் குளிர வைக்கும். வெளியே மானிட்டர் இணைத்து லேப்டாப் மூடியைச் சாத்தி வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பல மாடல்களில் சூடான காற்று கீலின் இடுக்கு வழியாகத்தான் வெளியேறும். மூடியைத் திறந்தே வையுங்கள்.

மென்பொருள் பக்கம் வந்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்தி, தலைமேல் நிற்பது எது என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரம் பொறுங்கள். பெயர் தெரியாத எதுவோ நாள் முழுக்க ஓடினால் சந்தேகப்படுங்கள். கிராக் செய்த மென்பொருளோடு கிரிப்டோ மைனர் ஒட்டிக்கொண்டு வருவது புதிதல்ல.

கோடைக்கு மட்டும் ஒரு குறுக்குவழி: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசசர் ஸ்டேட். அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெயருக்கு ஒரு சதவீதம்தான், ஆனால் டர்போ முழுவதும் நின்றுவிடும். மேலே சொன்ன 12700எச் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுவதை விட்டு 2.3 அருகே நிற்கும். 95 டிகிரி 65 ஆகிவிடும். எழுத்து, பிரவுசர், ஜூம் வகுப்பு எதிலும் வித்தியாசம் தெரியாது; வீடியோ ரெண்டர் செய்தால் நன்றாகவே தெரியும். ஏன் இவ்வளவு இறங்குகிறது என்றால், கிளாக் ஏற ஏற வோல்டேஜும் ஏற வேண்டும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் எகிறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் அதிக விலை. சில லேப்டாப்களில் இந்த வரி மறைந்திருக்கும். அவற்றில் தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள ‘கொயட்’ அல்லது ‘பேலன்ஸ்டு’ முறை ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்.

அதே மென்பொருளில் பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும். நாள் முழுக்கச் சார்ஜரில் ஓட்டுபவர்கள் இன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

பையைத் திறந்தால் லேப்டாப் கொதிக்கிறது என்பவர்களுக்கு: இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் மூடியைச் சாத்தினால் முழுத் தூக்கம் கிடையாது, அரைத்தூக்கம்தான். உள்ளே மெயில், அப்டேட் என்று விழித்துக்கொள்ளும். பைக்குள் காற்றுக்கு வழியில்லை. பவர் ஆப்ஷன்ஸில் மூடியைச் சாத்தினால் ‘ஹைபர்னேட்’ என்று மாற்றிவிடுங்கள்.

திறந்து சுத்தம் செய்தல்

வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டரே மேல். இல்லையென்றால் தேவையானவை: காந்த முனையுள்ள பிஎச்0, பிஎச்00 ஸ்க்ரூடிரைவர், சில மாடல்களுக்கு டி5 டார்க்ஸ், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று, மென்மையான ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 50 மி.லி., பஞ்சு உதிராத துணி அல்லது காபி ஃபில்டர் தாள், இடுக்கி. பேஸ்டும் மாற்றுவதென்றால் 2 கிராம் சிரிஞ்சு. முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். யூடியூபில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, திறக்கும் வீடியோவை முழுதாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிளிப் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் நெம்பித்தான் பாதி அடித்தட்டுகள் உடைகின்றன.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். திங்க்பேட் போன்றவற்றில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலேயே பேட்டரியைத் துண்டிக்கும் வரி உண்டு, அதையும் செய்யுங்கள்.

ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமல்ல. நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு இறுக்கினால் அது மேலே விசைப்பலகைப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும், அல்லது போர்டில் ஏறும். தட்டு வர மறுத்தால் பலம் காட்டாதீர்கள். ரப்பர் காலின் அடியில் இன்னும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

தட்டைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பிறகு பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள். அதன் உறை தலையணை போல எழும்பியிருந்தால் வேலை அத்தோடு நின்றது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், நெம்பாதீர்கள்.

இப்போது ஃபேன். வெளியிலிருந்து புளோயரால் ஊதியவர்களுக்கு ஏன் பலன் கிடைப்பதில்லை என்பது இங்கே தெரியும். தூசி சேரும் இடம் வெளி ஜன்னல் அல்ல; ஃபேனின் வாய்க்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில். மூன்று நான்கு ஸ்க்ரூக்களை எடுத்து, ஓரத்துக் கறுப்பு டேப்பை மெல்ல உரித்து, ஃபேனைத் தூக்கினால், தகடுகளின் உட்புற வாசலில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். துணி நூல், முடி, பஞ்சு எல்லாம் அடைந்து, மூன்று மி.மீ. தடிப்பில், சதுரமாக வெட்டி வைத்ததுபோல இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது ஃபேன் பக்கம் சாயும். மறுபடி ஃபேன் சுற்றியதும் பழைய இடத்திலேயே போய் ஒட்டும். இடுக்கியால் பிடித்தால் ஒரே துண்டாக வரும். கொசுவத்தி, சாம்பிராணி புகையும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த வீட்டு லேப்டாப்பில் அது பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் தகடுகளின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். உள்ளே எறும்புக் கூடோ, மாட்டிக்கொண்ட பல்லிக்குஞ்சோ கிடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஃபேன் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரஷால் துடையுங்கள். காற்று அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். விரலால் சுண்டிப் பாருங்கள்: சத்தமில்லாமல் சில சுற்று சுற்றி நின்றால் நலம். கரகரவென்றால், தேங்காய் எண்ணெய் விடும் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஒரு வாரம் அமைதியாக இருக்கும், பிறகு தூசியோடு குழைந்து இறுகிவிடும். ஃபேன் மேலுள்ள ஸ்டிக்கரின் எண்ணைக் கொடுத்துப் புது ஃபேன் வாங்குங்கள். இடது, வலது ஃபேன்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

மேலே செய்த சோதனை ‘தூசி’ என்று சொல்லியிருந்தால், இங்கேயே மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பேஸ்ட் வரை போகத் தேவையில்லாமலே பல லேப்டாப்கள் சரியாகிவிடும்.

பேஸ்ட் மாற்றுதல்

டெஸ்க்டாப்பில் பிராசசருக்கு மேல் ஓர் உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் இல்லை, கண்ணாடி போல மின்னும் சிலிக்கான் மேலேயே ஹீட் சிங்க் உட்காரும். சூடாகும்போது சிப்பும் செம்பும் சற்று விரிந்து வளைகின்றன, ஆறும்போது திரும்புகின்றன. ஒவ்வொரு முறையும் பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் நடுவில் வறண்ட திட்டும், விளிம்பில் மேடும் மிஞ்சும். நீர்த்த பேஸ்ட்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதிதாகப் போட்ட இரண்டே மாதத்தில் பழைய கதை திரும்புவதும் இதனால்தான்.

ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறியதுக்கு, ஒவ்வொன்றையும் முதலில் அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, பிறகு முழுதாக. மாட்டும்போது 1லிருந்து. எண் இல்லையென்றால் எதிர் மூலைக்கு எதிர் மூலை. தூக்க வராவிட்டால் இழுக்காதீர்கள். ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கி, ஃபேனையும் பேட்டரியையும் இணைத்து, லேப்டாப்பை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, பேட்டரியைத் திரும்பப் பிரித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லத் திருகி எடுங்கள். செம்புக் குழாய்களை எந்தக் காரணத்துக்கும் வளைக்காதீர்கள். அவை திடமான கம்பிகள் அல்ல. உள்ளே சிறிதளவு நீர் ஆவியாகி, குளிர்ந்து, திரும்பிவரும் பாதை இருக்கிறது. நசுங்கினால் அந்தப் பாதை போயிற்று.

பழைய பேஸ்ட் வெள்ளி நிறத்தில் திரவமாக, பாதரசத் துளி போல ஓடினால் அங்கேயே நிறுத்துங்கள். அது லிக்விட் மெட்டல். சில கேமிங் மாடல்களில் தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. காலியம் கலந்தது, மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்டில் விழுந்தாலும் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். பழகியவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

சாதாரண பேஸ்ட் என்றால் ஆல்கஹாலில் துணியை நனைத்து, சிப், செம்பு இரண்டையும் பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். உலோகக் கத்தி வேண்டாம். புதுப் பேஸ்ட் ஒரு பச்சரிசி அளவு, நீளமான சிப்புக்கு இரண்டு அரிசி. ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சிப் முழுவதும் மெலிதாகப் பரப்புங்கள். மூலையில் வெற்றிடம் விட்டால் அந்த மூலையில் உள்ள கோர் கொதிக்கும். அதிகமாகப் போனால் பெரிய ஆபத்தில்லை, வழிந்து அசிங்கமாகும். குறைவாகப் போனால்தான் கெடுதல்.

அடிக்கடி திறக்க விருப்பமில்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஹனிவெல் பிடிஎம்7950 தாள். அறைச் சூட்டில் மெழுகுத் தாள் போல இருந்து, 45 டிகிரி அருகே உருகி, சிப்பில் படிந்துகொள்ளும். ஓரத்துக்கு ஒதுங்கும் நோய் இதற்கு மிகக் குறைவு. நம் ஊர்க் கோடையில் தாள் இளகிப் பிளாஸ்டிக் உறையை விட்டு வராமல் அடம் பிடிக்கும். காற்றுப் புகாத கவரில் போட்டுப் பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தால் இரு பக்க உறையும் சுலபமாக உரியும். முதல் நாள் எண்கள் சுமாராக இருக்கும். சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் இறங்கும். அவசரப்பட்டுத் திரும்பத் திறக்காதீர்கள்.

நினைவகச் சிப்களின் மேல் உள்ள மெத்தென்ற தெர்மல் பேடுகள் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே தடிமன். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், பிராசசரைத் தொடாது. “பேஸ்ட் மாத்தினதும் முன்னைவிட மோசம்” என்று வரும் புகார்களில் இது முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகம், ஃபேன் கனெக்டரைச் செருக மறந்தது.

இன்னும் இறங்கவில்லை என்றால்

வாட்டைக் குறைப்பதுதான் மிச்சம். பழைய இன்டெல் லேப்டாப்களில் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளால் வோல்டேஜை 50 மில்லிவோல்ட் இறக்கிப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க நிலையாக ஓடினால் இன்னும் பத்துப் பத்தாக. நீலத்திரை வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். 2019 டிசம்பரில், வோல்டேஜை இறக்கிப் பிராசசரைத் தவறு செய்ய வைக்கும் ‘பிளண்டர்வோல்ட்’ பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல தயாரிப்பாளர்கள் பயாஸ் அப்டேட்டில் இந்த வழியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியிருந்தால் டர்போவின் வாட் வரம்பை 60, 45 என்று இறக்குங்கள்; அந்த வசதியும் இல்லையேல் 99 சதவீதம் இருக்கவே இருக்கிறது.

கேம் ஆடுபவர்கள் திரையின் ஃபிரேம் வேகத்தை 60ல் கட்டிவைத்தாலே கிராபிக்ஸ் சிப் பெருமூச்சு விடும்.

ஃப்ரிட்ஜ் முன்னால் வைப்பது, அடியில் ஐஸ் கட்டி, ஈரத்துணி – இவற்றால் உள்ளே வியர்க்கும். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் துளியாகப் படியும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். மேலும் சிப்பைச் சாகடிப்பது சூடு மட்டுமல்ல, சூடும் குளிரும் மாறி மாறி வருவதும்தான். 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களின் பலவீனமான பேக்கேஜிங் பொருளால் வந்த பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் அடியிலிருந்த ஈயப் பொட்டுகள் விரிசல் விட்டன. அப்போது ஹீட் கன்னால் சுட்டு “ரீபால் பண்ணியாச்சு” (ஈயப் பொட்டுகளைப் புதிதாகப் போட்டாயிற்று) என்று திருப்பிக் கொடுத்த லேப்டாப்கள் சில வாரங்களில் மறுபடி இருட்டுத் திரையோடு வந்தன. இன்றும் யாராவது சூட்டுக் கோளாறுக்கு ஹீட் கன்னை எடுத்தால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடையில் கொடுப்பதானால் மூன்றைக் கேளுங்கள்: ஃபேனைக் கழற்றித் தகடுகளின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்வீர்களா, என்ன பேஸ்ட் போடுவீர்கள், முன்னும் பின்னும் அளவு காட்டுவீர்களா. முதல் கேள்விக்கே “புளோயர் அடிச்சுத் தர்றோம் சார்” என்றால் வேறு கடை பாருங்கள். உப்பிய பேட்டரியைக் கழற்றித் தந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். அதுவரை வெயில் படாத, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத சிமென்ட் தரையில் வைத்திருங்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே மேசையில் அதே பத்து நிமிடச் சோதனையை நடத்துங்கள். அறைச் சூடு, சிபியூ சூடு, வாட், தேதி நான்கையும் சின்னச் சீட்டில் எழுதி அடித்தட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த கோடையில், சிபியூ சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து, வாட்டால் வகுத்து, சீட்டிலிருப்பதோடு ஒப்பிட்டால் போதும். எண் மாறாமல் இருந்தால் திறக்க வேண்டியதில்லை.